மண்ணை விற்றுக் கோடீஸ்வரரான எட் லோ: பூனை லிட்டர் பிறந்த கதையும், கட்டியாகும் மண்ணின் விலைக் கணக்கும்

பூனை வளர்ப்பவர்களின் மாதச் செலவில் தீவனத்துக்கு அடுத்து நிற்பது கேட் லிட்டர். கடைக்குப் போனால் ஒரே அளவுப் பைகள் வரிசையாக இருக்கும். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. எல்லாப் பையிலும் நாற்றம் வராது, தூசி இல்லை, சட்டென்று கட்டியாகும் என்றுதான் எழுதியிருக்கும். மண்ணுக்குப் போய் இவ்வளவு விலையா, அதிக விலை கொடுத்தால் உண்மையிலேயே லாபமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும்.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1947ல் அமெரிக்காவின் ஒரு சிற்றூர்க் கடைக்காரருக்கும் இதே கேள்விதான் வந்தது. அவரிடம் மண் பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்த இளைஞரின் பெயர் எட்வர்ட் லோ. ஊரில் எல்லோருக்கும் எட் லோ. பிற்காலத்தில் அவர் ஒரு பெரிய தொழிலையே உருவாக்கிப் பெரும் பணக்காரர் ஆனார். ஆனால் இன்று அதிகம் விற்கும் கட்டியாகும் லிட்டரைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் லிட்டரின் மதிப்பை எப்படி எடை போடுவது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

யார் இந்த எட் லோ?

1920 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரில் பிறந்தவர் லோ. வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், இண்டியானா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கஸோபொலிஸ் என்ற சிற்றூரில். அவருடைய சிறுவயதுதான் அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலை இல்லை, கையில் காசு இல்லை என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த தலைமுறை அது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி அப்பாவின் வியாபாரத்தில் சேர்ந்தார். அது பளபளப்பான தொழில் ஒன்றுமில்லை. பனிக்கட்டி, நிலக்கரி, மரத்தூள் மாதிரியான சரக்குகள்தான். தொழிற்சாலைகளிலும் மெக்கானிக் ஷெட்டுகளிலும் தரையில் எண்ணெய் சிந்தும். அதை உறிஞ்ச மரத்தூளைத் தூவுவார்கள். எண்ணெய் ஊறிய மரத்தூள் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதற்குப் பதிலாக உலர்ந்த களிமண் துகள்களையும் லோ குடும்பம் விற்றது.

அந்தக் களிமண் நம் ஊருக்கும் புதிதல்ல. முகத்தில் பூசுகிற முல்தானி மெட்டி இருக்கிறதே, அந்த வகை மண்தான். ஐரோப்பாவில் கம்பளித் துணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க இதைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். முகத்தின் எண்ணெயை எடுப்பதும், கம்பளியின் பிசுக்கை எடுப்பதும், தரையில் சிந்திய எண்ணெயை எடுப்பதும் ஒரே குணம். மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் ஈரத்தையும் எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இந்த மண்ணைக் கோழிப் பண்ணைகளுக்கு விற்றுப் பார்க்கலாம் என்று லோ நினைத்தார். கோழிகள் முட்டையிடும் கூட்டில் பரப்ப நன்றாக இருக்குமே என்பது அவர் கணக்கு. பண்ணைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. மண் மூட்டை அப்படியே கிடந்தது.

1947 ஜனவரி: உறைந்துபோன மணல் குவியல்

அந்தக் காலத்தில் பூனை என்றால் பெரும்பாலும் வெளியில் திரியும் பிராணிதான். இரவில் வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஒரு பெட்டியில் மணலோ, அடுப்புச் சாம்பலோ, மரத்தூளோ, கிழித்த காகிதமோ போட்டு வைப்பார்கள். இதில் எதுவுமே நாற்றத்தை அடக்காது. சாம்பல் என்றால் இன்னொரு தொல்லை. பூனை காலில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்கக் கறுப்புத் தடம் பதியும்.

1947 ஜனவரி. மிச்சிகனில் கடும் குளிர். லோவுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி வந்து தன் பூனைப் பெட்டிக்குக் கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று கேட்டார். அவர் வீட்டு மணல் குவியல் பனியில் கல்லாக உறைந்துவிட்டது. சாம்பல் போட்டுப் பார்த்து அந்தக் காலடித் தடத்தால் நொந்துபோயிருந்தார்.

லோ மணலுக்குப் பதிலாக அந்தக் களிமண் துகளைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். பெரிய யோசனை எதுவும் இல்லை. கையில் இருந்தது, கொடுத்தார், அவ்வளவுதான். சில நாட்களில் அந்தப் பெண்மணி திரும்பி வந்து அதே மண் இன்னும் வேண்டும் என்றார். மணல் வேண்டாம், இதுதான் வேண்டும் என்பது அவர் முடிவு.

ஒரு வீட்டுப் பூனைக்கு இது பிடித்தது என்றால் ஊரில் மற்ற வீடுகளுக்கும் பிடிக்கும்தானே? லோ பத்துப் பழுப்புக் காகிதப் பைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ இரண்டே கால் கிலோ மண்ணை நிரப்பினார். பையின் மேல் கையாலேயே 'கிட்டி லிட்டர்' என்று எழுதினார். விலை 65 சென்ட்.

65 சென்ட் கேள்வி

உள்ளூர்க் கடைக்காரர் சிரிக்காத குறை. மணல் ஒரு பவுண்டு ஒரு சென்ட்டுக்குக் கிடைக்கிறது. லோவின் மண் ஒரு பவுண்டுக்கு 13 சென்ட் ஆகிறது. சும்மா அள்ளிக்கொள்கிற மண்ணுக்குப் பதின்மூன்று மடங்கு விலை யார் கொடுப்பாங்க? கடைக்காரரின் சந்தேகத்தில் தப்பே இல்லை. எடையை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

லோ வாதாடவில்லை. அப்படியானால் இலவசமாகவே கொடுத்துவிடுங்கள் என்று பைகளை விட்டுவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை காசு கொடுத்து வாங்கத் தயாராக வந்தார்கள்.

அந்த மண்ணை வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் எடையைக் கணக்குப் பார்க்கவில்லை. எத்தனை நாள் நாற்றமில்லாமல் இருந்தது, தரை எவ்வளவு சுத்தமாக இருந்தது, எத்தனை முறை பெட்டியைக் கழுவ வேண்டியிருந்தது என்று பார்த்தார்கள். மணலில் சிறுநீர் நேராக அடிக்கு இறங்கித் தேங்கும். களிமண் அதைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரு பவுண்டு மணலும் ஒரு பவுண்டு களிமண்ணும் தராசில் ஒன்று. ஆனால் வீட்டுக்குள் அவை செய்கிற வேலை ஒன்றல்ல.

லிட்டருக்கு இன்று வரை பொருந்துகிற விதி இதுதான். கிலோ விலையைப் பார்க்காமல், ஒரு நாள் விலையைப் பார்க்க வேண்டும்.

தட்டு கழுவி இடம் பிடித்தவர்

தேவை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்றே நாட்டுக்குத் தெரியாது. லோ தன் காரில் பைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். செல்லப்பிராணிக் கடைகளில் ஏறி இறங்கினார். பூனைக் கண்காட்சிகளுக்குப் போனார்.

கண்காட்சியில் ஸ்டால் போடக் காசு வேண்டுமே? அங்கே நூற்றுக்கணக்கில் பூனைகள் வரும். அவற்றின் பெட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலையை லோ ஏற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக ஸ்டாலுக்கு இடம் வாங்கிக்கொண்டார். யாரும் செய்யத் தயங்குகிற வேலை. ஆனால் இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. நூற்றுக்கணக்கான பூனைகள் இருக்கும் அரங்கில் நாற்றம் குறைந்தால் பூனைக்காரர்கள் எல்லோரும் அதை மூக்கால் உணர்வார்கள். தன் பொருளை அதன் மிகக் கடினமான இடத்தில் வைத்துக் காட்டினார் லோ.

வியாபாரம் வளர்ந்தது. 1964ல் மளிகைக் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் என்றே டைடி கேட் என்ற பிராண்டை அறிமுகப்படுத்தினார். செல்லப்பிராணிக் கடையைத் தேடிப் போகாதவர்கள்கூடக் காய்கறி வாங்கும்போதே லிட்டரும் வாங்கலாம் என்றானது. காகிதப் பையில் அவர் கையால் எழுதிய 'கிட்டி லிட்டர்' என்ற பெயர், யார் தயாரித்தாலும் எல்லா லிட்டருக்கும் பொதுப் பெயராக மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

மிச்சிகனில் பூனைகளை வைத்துச் சோதனை செய்யும் மையத்தையும் நடத்தினார். எந்தத் துகளைப் பூனைகள் விரும்புகின்றன, எது நாற்றத்தை அடக்குகிறது என்று பார்ப்பதற்காக. தன் பொருளுக்கு உண்மையான வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் மனிதர் அல்ல, மண்ணைக் கிளறும் பூனைதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதன் விளைவு ஒரு வியாபாரத்தோடு நிற்கவில்லை. நாற்றப் பிரச்சினை தீர்ந்ததும் பூனை வீட்டுக்குள் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளிலும் பூனை வளர்க்க முடிந்தது. 1980களின் நடுவில் அமெரிக்காவில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் பூனைகளின் எண்ணிக்கை நாய்களை முந்தியது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் லிட்டர் இல்லாமல் இது நடந்திருக்காது.

லோவின் மண் எங்கே தோற்றது?

பூனை பாலைவன வழி வந்த பிராணி. உடலில் நீரைச் சேமிக்கும் குணம் அதற்கு அதிகம். அதனால் அதன் சிறுநீர் மிகவும் அடர்த்தியானது. அதில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. கண்ணை எரிக்கும் அந்த நெடி அதுதான். ஆண் பூனைகளின் சிறுநீரில் கந்தகம் கலந்த ஃபெலினின் என்ற பொருளும் அதிகம் இருப்பதால் நாற்றம் இன்னும் தூக்கலாக இருக்கும்.

லோ விற்ற வகைக் களிமண் ஸ்பாஞ்ச் மாதிரி. உறிஞ்சும், வைத்துக்கொள்ளும். ஆனால் நனைந்த துகளும் நனையாத துகளும் கலந்தே கிடக்கும். மலத்தை அள்ளிவிடலாம், சிறுநீரை அள்ள முடியாது. சில நாட்களில் மண் நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் ஈரம் அடியில் தேங்கும், பாக்டீரியா பெருகும், அம்மோனியா கிளம்பும். அப்புறம் என்ன செய்வது? பெட்டியை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புது மண் போட வேண்டியதுதான். பாதி மண் நன்றாக இருந்தாலும் அதுவும் குப்பைக்குத்தான் போகும்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உலகம் இதோடு சமாளித்தது.

கட்டியாகும் மண் வந்தது எப்படி?

1984ல் தாமஸ் நெல்சன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் பென்டோனைட் என்ற வேறு களிமண்ணைப் பயன்படுத்தி இந்தச் சிக்கலுக்கு வழி கண்டார். பென்டோனைட்டைச் சூளையில் சுடாமல் உலர்த்தி மட்டும் பயன்படுத்தினால், ஈரம் பட்ட இடத்தில் மட்டும் அது இறுகிக் கட்டியாகிறது. அந்தக் கட்டியை அள்ளிப் போட்டுவிட்டால் மீதி மண் அப்படியே சுத்தமாக இருக்கும்.

பென்டோனைட் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பெருமளவில் கிடைக்கிறது. இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலும் வெட்டி எடுக்கப்படுகிறது. ஃபவுண்டரிகளில் வார்ப்பு அச்சுக்கான மணலைப் பிடித்து நிறுத்துவதும், பெரிய கட்டடங்களுக்குப் பைல் போடும்போது குழி சரியாமல் தாங்குவதும் இதே மண்தான்.

இது எப்படி வேலை செய்கிறது? பென்டோனைட்டின் உள்ளமைப்பு அடுக்கி வைத்த காகிதக் கட்டு மாதிரி, மெல்லிய தகடுகளாக இருக்கும். தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் அவை விலகி வீங்கும். சோடியம் அதிகமுள்ள பென்டோனைட் தன் அளவைப் போலப் பல மடங்கு உப்பும். உப்பிய துகள்கள் பசை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கால்சியம் வகை பென்டோனைட் இந்த அளவுக்கு வீங்காது. பையில் பென்டோனைட் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, சோடியம் பென்டோனைட்டா என்று பார்ப்பது இதனால்தான்.

அதிக விலை கொடுத்தால் லாபமா? ஒரு கணக்கு

65 சென்ட் கேள்வி இங்கே மறுபடி வருகிறது. கட்டியாகும் லிட்டர் சாதாரண லிட்டரைவிட விலை அதிகம். எது லாபம்?

ஒரு பூனை, ஒரு பெட்டி, 28 நாள் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பார்த்தால் உங்கள் விடை கிடைக்கும்.

சாதாரண லிட்டர்: பெட்டிக்கு 4 கிலோ. வாரம் ஒருமுறை மொத்தமாக மாற்றினால் 28 நாளுக்கு 16 கிலோ. கிலோ 50 ரூபாய் என்றால் 800 ரூபாய்.

நன்றாகக் கட்டியாகும் லிட்டர்: பெட்டிக்கு 5 கிலோ. தினமும் 200 கிராம் அள்ளிப் போட்டு அதே அளவு புதிதாகச் சேர்த்தால் 28 நாளுக்கு 5.6 கிலோ. மொத்தம் 10.6 கிலோ. கிலோ 75 ரூபாய் என்றால் 795 ரூபாய்.

அதாவது ஒன்றரை மடங்கு விலை வரைக்கும் கையைக் கடிக்காது. செலவு ஏறத்தாழ ஒன்றுதான், சுத்தம் அதிகம். கிலோ 100 ரூபாய் ஆனால் செலவு 1,060 ரூபாய். அந்தக் கூடுதல் 260 ரூபாய் வசதிக்குக் கொடுக்கும் விலை.

சரி, கட்டி உடைந்து போனால்? சிக்கல் இங்கேதான். அள்ளும்போது கட்டி உதிர்ந்தால் சிறுநீர் ஊறிய துகள்கள் நல்ல மண்ணோடு கலந்துவிடும். ஒரு மாதம் தாங்க வேண்டிய பெட்டி இரண்டு வாரத்தில் நாறும். அப்போது 14 நாளுக்கு 7.8 கிலோ, 28 நாளுக்கு 15.6 கிலோ. சாதாரண லிட்டர் அளவுக்கே வந்துவிட்டது. கிலோ 75 ரூபாயில் 1,170 ரூபாய். கட்டியாகும் லிட்டரின் விலையைக் கொடுத்துவிட்டு சாதாரண லிட்டரின் பலனைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

ஆக, கட்டியாகும் லிட்டரில் நீங்கள் காசு கொடுப்பது மண்ணுக்கு அல்ல, அந்தக் கட்டியின் உறுதிக்கு. அது இல்லையென்றால் மலிவான பைதான் விலை கூடுதலாக முடியும்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

பெரிய பை வாங்கும் முன் சின்னப் பை வாங்கிப் பார்ப்பது நல்லது. ஒரு கிண்ணத்தில் மூன்று அங்குல உயரத்துக்கு லிட்டரைப் போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து ஒரே இடத்தில் ஊற்றுங்கள். உப்பு எதற்கு? சிறுநீரில் உப்புகள் உண்டு. உப்பு நீரில் பென்டோனைட் வீங்குவது குறையும். வெறும் தண்ணீரில் ஜோராகக் கட்டியாகும் மண் நிஜத்தில் சொதப்பலாம்.

கால் மணி நேரம் விட்டு அந்தக் கட்டியை ஸ்கூப்பால் எடுங்கள். ஒரு அடி உயரத்திலிருந்து காகிதத்தின் மேல் போடுங்கள். உடையாமல் இருந்தால் நல்லது. பிறகு கட்டியை எடை போடுங்கள். ஒரே அளவு நீருக்குச் சின்னக் கட்டியாக இருந்தால் தினமும் குறைவான மண்தான் போகும், பை அதிக நாள் வரும். கட்டி பரந்து விரிந்து கனமாக இருந்தால் அது மண்ணைத் தின்கிறது என்று அர்த்தம்.

கடைசியாகத் தூசி. ஒரு கறுப்புத் துணி மேல் கொஞ்சம் லிட்டரைக் கொட்டிப் பாருங்கள். வெள்ளைப் படலம் எவ்வளவு படிகிறதோ அவ்வளவு தூசியைப் பூனையும் நீங்களும் மூச்சில் இழுக்கிறீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இது முக்கியம்.

பெட்டியில் மண் போதிய உயரம் இருக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே இருந்தால் நல்ல லிட்டரும் அடியில் ஒட்டிக்கொண்டு உடையும். அதற்கு மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

விலைச் சீட்டில் இல்லாதவை

லோ கற்றுக்கொண்ட பாடம்தான் இங்கேயும். பூனைக்குப் பிடிக்காத லிட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம். பொதுவாகப் பூனைகள் சன்னமான, மணல் போன்ற துகள்களை விரும்புகின்றன. கடும் வாசனை சேர்த்தவை நமக்குப் பிடிக்கலாம், பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காத பூனை சோபாவையும் கட்டிலையும் தேடிப் போகும். பெட்டிக்கு வெளியே போகிறது என்பதற்காகவே காப்பகத்தில் விடப்படும் பூனைகள் ஏராளம். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பூனையின் வீடே பறிபோகலாம்.

கட்டிகள் ஒரு நலக் கணக்கும் கூட. தினமும் அள்ளுகிறவருக்குத் தன் பூனை எத்தனை முறை போகிறது என்று தெரியும். கட்டிகள் திடீரென்று பெரிதாகவும் அதிகமாகவும் ஆனால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். ஆண் பூனை அடிக்கடி பெட்டிக்குப் போயும் கட்டியே இல்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். அது உயிர் போகும் அவசரம். காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். சாதாரண லிட்டரில் இதைக் கவனிப்பது கடினம்.

எச்சரிக்கைகளும் உண்டு. சின்னக் குட்டிகள் எதையும் வாயில் போடும். வயிற்றுக்குள் மண் வீங்கும் அபாயம் இருப்பதால் அவற்றுக்குக் கட்டியாகும் லிட்டர் வேண்டாம். பூனை மலம் மூலம் டாக்ஸோபிளாஸ்மா கிருமி பரவலாம் என்பதால் கர்ப்பிணிகள் பெட்டியைச் சுத்தம் செய்யாமல் இருப்பது நல்லது. மலத்தில் வெளிவரும் அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ள வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். கழிப்பறையில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். குழாய்க்குள் வீங்கி அடைத்துவிட்டால் பிளம்பர் செலவு தனி.

சுற்றுச்சூழல் விலையும் இருக்கிறது. பென்டோனைட் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கப்படுவது. பயன்படுத்திய பிறகு மக்கவும் மக்காது, குப்பை மேட்டில் அப்படியே கிடக்கும். சோயா, மரம், சோளம், காகிதம் போன்றவற்றில் செய்த லிட்டர்கள் இப்போது வருவது இதனால்தான். அவற்றையும் மேலே சொன்ன அதே சோதனையில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசி ஆண்டுகள்

லோவின் பணம் பெருகியபோது அவர் அதை அனுபவிக்கவும் செய்தார். பல வீடுகள், பெரிய படகு, குதிரைகள் என்று வாழ்ந்தார். அதே சமயம், தொழில் தொடங்குகிறவனுக்குப் பாடப் புத்தகத்தைவிட, அதே பாதையில் விழுந்து எழுந்த இன்னொருவரின் பேச்சுதான் உதவும் என்று நம்பினார். 1985ல் மனைவி டார்லினுடன் சேர்ந்து எட்வர்ட் லோ அறக்கட்டளையைத் தொடங்கினார். கஸோபொலிஸ் அருகே பெரும் நிலப்பரப்பில் அமைந்த பிக் ராக் வேலியிலிருந்து, வளர்ந்துவரும் தொழில்முனைவோருக்காக அது இன்றும் இயங்குகிறது.

1990ல் அவர் தன் லிட்டர் நிறுவனத்தை விற்றார். கிடைத்தது சுமார் 20 கோடி டாலர். வாங்கியவர்கள் கோல்டன் கேட் என்ற பெயரில் நடத்தினார்கள். அப்போது கட்டியாகும் லிட்டர் சந்தையில் காலூன்றிக்கொண்டிருந்தது. மொத்தமாகக் கொட்டி மாற்றும் மண்ணின் காலம் முடியத் தொடங்கிய நேரம் அது. 1995ல் அந்த நிறுவனத்தை ரால்ஸ்டன் பியூரினா வாங்கியது. 2001ல் ரால்ஸ்டன் பியூரினாவையே நெஸ்லே வாங்கியது. லோ 1964ல் வைத்த பிராண்ட் பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது. அதன் பைகளில் கட்டியாகும் மண்ணும் வருகிறது.

1995 அக்டோபர் 4 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் சரசோட்டாவில் லோ காலமானார். வயது 75.

அவர் மண்ணை உருவாக்கவில்லை, அது பூமியில் இருந்தது. கட்டியாக்கும் வித்தையும் அவருடையதல்ல. அவர் செய்தது, ஒரு பெண்மணி திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் கேட்டபோது, அது ஏன் என்று யோசித்ததுதான். விலைச் சீட்டைப் பார்த்த கடைக்காரருக்கு அது விலை அதிகமான மண். வீட்டுக்குக் கொண்டுபோனவர்களுக்கு அது நாறாத வீடு. இன்றும் ஒரு பையைக் கையில் எடுத்து விலையைப் பார்க்கும்போது, அது எத்தனை கிலோ என்பதோடு எத்தனை நாள் வரும், கட்டி உடையாமல் வருமா, பூனை அதில் இறங்குமா என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டால் போதும். மண்ணுக்குக் கொடுக்கும் காசு மண்ணாய்ப் போகாது.